பொன்னியின் செல்வனைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை



போன வாரம் கீழப்பழுவூர் பஸ் நிறுத்தத்தில் என்னிடம் படித்த ஒருவனைப் பார்த்தேன். அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறான். குடும்பம், பிள்ளைகள், சம்பளம் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, பேச்சு எப்படியோ பொன்னியின் செல்வனுக்கு வந்தது. பழுவூரில் நின்று பேசினால் அது வராமல் இருக்காது.

"நாலு தடவை ஆரம்பிச்சேன் டீச்சர். நாலு தடவையும் இலங்கை வரைக்கும் போய் நின்னுடுச்சு. மே மாச லீவுல மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றான்.

"முதல்லேர்ந்து ஆரம்பிக்காதேடா. விட்ட இடத்துலேர்ந்து படி" என்றேன்.

கணக்கு டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவன் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் தஞ்சாவூர் பஸ் வந்துவிட்டது. அவன் நின்றுகொண்டே என்னைப் பார்த்தான், நான் ஜன்னல் வழியாகக் கையாட்டினேன். அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிலும் நிறையப் பேர் அவன் மாதிரிதான் என்று எனக்குத் தெரியும். முதல் பாகத்தை மூன்று முறை படித்தவர்களை எனக்குத் தெரியும். ஐந்தாம் பாகத்தை ஒரு முறை படித்தவர்கள் குறைவு.

முதலில் என் கதை. உறவுகளுக்கு ஓரளவு தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரும்பலூரில் பெரியம்மா வீட்டு மச்சில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பெரியப்பா வாராவாரம் கல்கி இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, பாகம் பாகமாக பைண்டு செய்து அதில் வைத்திருந்தார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம். மணியம் வரைந்த படங்களோடு ஐந்து தடிமனான பைண்டுகள். 1976-ல், பதினாலு வயதில், கோடை விடுமுறைக்குப் போன நான் முதல் மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். நாலாவதைக் காணோம். ஒரு கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் யாரோ "படிச்சுட்டுத் தர்றேன்" என்று எடுத்துப் போயிருக்கிறார். இன்றுவரை வரவில்லை. இந்தப் பதிவைப் படிக்கும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்தான் அது இருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு.

ஐந்தாவது பைண்டு கண்ணெதிரே இருந்தது. எடுக்கப் போனேன். பெரியம்மா பிடுங்கி வைத்துவிட்டார். "நாலு படிக்காம அஞ்சைத் தொடக் கூடாதுடி. வரிசை தப்பினா கதை கெட்டுப் போயிடும். நாலு வரட்டும்." நாலு வரவேயில்லை.

அதன் பிறகு மூன்று முறை முயன்றேன். ஆசிரியர் பயிற்சியின்போது விடுதியில் ஒரு முறை, பிரசவ விடுப்பில் ஒரு முறை, மாமியார் படுக்கையில் இருந்தபோது ஒரு முறை. ஒவ்வொரு முறையும் நூலகத்திலிருந்து முதல் பாகத்தைத்தான் எடுத்தேன். "இடையில் எல்லாம் மறந்திருக்கும், முறையாக ஆரம்பிப்போம்" என்பதுதான் காரணம். இரண்டு பாகம் முடிவதற்குள் விடுப்பு முடிந்துவிடும், அல்லது வீட்டில் ஏதாவது வந்துவிடும். ஆக, ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வரும் வந்தியத்தேவனை நான்கு முறை பார்த்துவிட்டேன். ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகைக்கு வந்து சேர்வதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படத்தின் முதல் பாகம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் மகன் பேசினான். "அத்தை, அடுத்த பார்ட் வர்றதுக்குள்ள புக்கை முடிச்சுடுங்க, இல்லேன்னா நான் முடிவைச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினான். நான் ஓய்வு பெற்று சில மாதங்களே ஆகியிருந்தன. பெரம்பலூரில் ஒரு புத்தகக் கடையில் போய் நாலாம் பாகம் மட்டும் கேட்டேன். "செட்டாத்தான் தருவோம்மா, தனியா பிரிக்க முடியாது" என்றார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆகிவிட்டவை. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் ஐந்து பாகமும் இலவசமாக இருக்கின்றன. செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி, நாலாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். நாற்பத்தாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு, நடுவிலிருந்து.

முதல் மூன்று நாள் சிரமமாகத்தான் இருந்தது. பார்த்திபேந்திரன் யார், கந்தமாறன் யார், எவன் எவன் பக்கம் என்று குழம்பினேன். இடும்பன்காரி என்ற பெயர் எங்கோ கேட்டது போல இருந்தது. நாலாவது நாள் குழப்பம் தீர்ந்தது. நான் நினைவுபடுத்திக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். கல்கியே நினைவுபடுத்தினார்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பொன்னியின் செல்வன் புத்தகமாகப் பிறந்த கதை இல்லை. 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை வருஷம், வாரம் ஒரு அத்தியாயம், சில வாரம் அதற்கு மேல் என்று வந்தது. மொத்தம் முந்நூறு அத்தியாயங்களுக்குக் கொஞ்சம் குறைவு. படித்தவர்கள் யார்? ஒரு இதழைப் பத்து வீடு மாற்றிப் படித்தவர்கள். நடுவில் அறுவடை வந்தால் இரண்டு வாரம் விட்டவர்கள். ஊருக்குப் போனால் மூன்று வாரம் விட்டவர்கள். 1952-ல் ஒருவர் புதிதாக இதழ் வாங்க ஆரம்பித்தார் என்று வையுங்கள். அவருக்கு முதல் அத்தியாயத்துக்குப் போக வழியே இல்லை. பழைய இதழ் யாரிடமாவது கிடைத்தால் உண்டு. அவர் நடுவில்தான் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை.

அது கல்கிக்குத் தெரியும். அதனால்தான் அவர் அடிக்கடி கதையை நிறுத்தி நேயர்களோடு பேசுகிறார். இன்னாரை இன்ன இடத்தில் விட்டுவிட்டு வந்தோமே, அவர் என்ன ஆனார் என்று பார்ப்போம் என்கிற தோரணையில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு நடந்ததைச் சொல்கிறது. அது நமக்கும் சேர்த்துச் சொல்வதுதான். ஒரே மூச்சில் படிக்கிறவனுக்கு இது "சொன்னதையே சொல்கிறாரே" என்று அலுப்பாக இருக்கும். விட்டுவிட்டு வருகிறவனுக்காகவே வைத்த படிகள் அவை. நாவல் முடிந்த பிறகும், இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதால் முடிவுரை ஒன்று எழுதிப் பதில் சொன்னார். மறப்பவர்களையும் விட்டுப் போகிறவர்களையும் மனதில் வைத்தே கட்டிய வீடு அது. நாம்தான் வாசலில் நின்று தயங்குகிறோம்.

நம் பழைய வழக்கமும் அதுதானே. திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் பாரதம் படிப்பார்கள், கூத்து நடக்கும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தவர் ஊருக்கு எத்தனை பேர்? ஒருவர் துகிலுரிதல் அன்று வருவார். இன்னொருவர் அர்ச்சுனன் தபசு அன்று வருவார். விடிய விடிய நடக்கும் கூத்தில் பாதி நேரம் தூங்கி, மத்தளச் சத்தத்தில் விழித்து, பக்கத்தில் இருப்பவரிடம் "எங்க வந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டு பார்ப்பார்கள். யாரும் "ஆதிபர்வத்திலிருந்து கேட்காதவன் எழுந்து போ" என்று சொன்னதில்லை. நீளமான கதைகளோடு நமக்கு இருந்த உறவு அப்படித்தான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாக முடித்தால்தான் படித்ததாகக் கணக்கு என்பது பரீட்சைக்குப் படித்த நமக்கு வந்த பழக்கம்.

இனி, எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்கிறேன்.

பதினாலு வயதில் படித்தபோது பெரிய பழுவேட்டரையரை எனக்குப் பிடிக்காது. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண், அறுபது தாண்டிய வயது, பக்கத்தில் இளம் மனைவி நந்தினி, பனைமரக் கொடி பிடித்த வீரர்கள், மூடு பல்லக்கு. ஒரு கேலிச் சித்திரமாகத்தான் அவரைப் பார்த்தேன். ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை என்று பெரியம்மாவும் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

அறுபது வயதில் ஐந்தாம் பாகத்தில் அவரைப் பார்த்தேன். கொள்ளிடத்தில் வெள்ளத்தில் படகு கவிழ்கிறது. அத்தனை படை பரிவாரத்தோடு இருந்த மனிதர் தனியாகக் கரை ஒதுங்கி, தாம் யாரால் எப்படி ஏமாற்றப்பட்டோம் என்பதை இருட்டில் நின்று தெரிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு அவர் செய்வதை இங்கே சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் இருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க நாம் சரி என்று நம்பிச் செய்தது தவறு என்று அறுபது வயதில் தெரிந்தால் என்ன செய்வது? அதற்கு மேல் சரிசெய்ய நேரமும் இல்லாவிட்டால்? இந்தக் கேள்வி பதினாலு வயதில் எனக்குக் கேட்கவில்லை. நாற்பத்தாறு வருஷ இடைவெளி வீணானதல்ல. அந்தப் பக்கங்களைப் படிக்கத் தேவையான வயதை அந்த இடைவெளிதான் எனக்குக் கொடுத்தது.

பழுவூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். "எங்க ஊர்க்காரரு வில்லனா டீச்சர்?" என்று கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். கல்கியின் பெரியவரும் சின்னவரும் கதைக்காக உருவானவர்கள். ஆனால் பழுவேட்டரையர்கள் கற்பனை இல்லை. மறவன் கண்டன், கண்டன் மறவன் என்ற பெயர்களில் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். முதல் பராந்தக சோழன் பழுவேட்டரையர் குலத்துப் பெண்ணை மணந்தான். அவள் வயிற்றில் பிறந்தவன்தான் அரிஞ்சயன், அதாவது சுந்தர சோழரின் தந்தை. அப்படிப் பார்த்தால் அருள்மொழிவர்மனின் உடம்பில் பழுவூர் ரத்தம் ஓடுகிறது. கீழையூரில் இருக்கும் இரட்டைக் கோயில், அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம், அவர்கள் ஆண்ட ஊரின் கோயில். நாவலைப் பாதியில் விட்டவர்கள் அதே பஸ்ஸில் இறங்கி ஒரு முறை போய்ப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்கள் என்று இரவிதாசன், சோமன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ஜெயங்கொண்டத்திலிருந்து அதிக தூரம் இல்லை.

சரி, கணக்கு டீச்சர் இப்படிப் பேசலாமா? அடிப்படை இல்லாமல் மேலே போகக் கூடாது என்று முப்பது வருஷத்துக்கு மேல் உங்கள் தலையில் குட்டியவள் நான்தானே?

அதையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதற்கு அதுதான் உண்மையான காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெண் ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி தங்கைகளைப் பார்க்க வேண்டும், முந்திரிக் காட்டு வேலைக்கும் போனாள். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். "டீச்சர், பத்தாவது எழுதணும், கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள். கணக்கில் கெட்டி அவள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாம் மறந்திருப்பே. எட்டாவது கணக்கிலிருந்து ஆரம்பிப்போம்" என்று சொல்லி, சாயங்கால வகுப்பில் எட்டாவது பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். தன்னைவிட மூன்று வயது சின்னப் பிள்ளைகளோடு, ஏற்கெனவே தெரிந்த வகுத்தலைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தாள். நாலாவது நாள் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. "அவளுக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் சொன்னேன்.

அக்கறை இல்லாதவளா ஒன்றரை வருஷம் கழித்து வருவாள்? அவள் திரும்பி வந்ததே பெரிய காரியம். அந்தக் காரியத்துக்கு நான் விதித்த அபராதம்தான் "முதலிலிருந்து ஆரம்பி" என்பது. பத்தாவது கணக்கைப் போட ஆரம்பித்திருந்தால், எங்கே இடறுகிறதோ அங்கே ஒரு நாள் நின்று எட்டாவதைத் தொட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். இன்று சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில், பதினாலு வயது வரை உள்ள பிள்ளை படிப்பை விட்டுவிட்டு வந்தால், அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பின்தங்கியதை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்கு அவள் முகம்தான் வந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. முகநூலில் இருப்பாள் என்றும் தோன்றவில்லை.

கதையும் படிப்பும் ஒன்று என்று சொல்லவில்லை. கணக்கில் அடிப்படை வேண்டும், மறுக்க மாட்டேன். ஆனால் திரும்பி வருகிறவரின் ஆர்வம் சின்ன விளக்கு மாதிரி. அதை வைத்து அவர் போக நினைத்த இடத்துக்கு முதலில் போகட்டும். ஏற்கெனவே நடந்த தூரத்தை மறுபடி நடக்க வைத்து எண்ணெயைத் தீர்க்கக் கூடாது. நாவலில் நான் அந்தத் தவற்றை எனக்கே மூன்று முறை செய்துகொண்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு முறை செய்தேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்துவிட்டது.

எதிர்க் கட்சிக்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகன் கேட்டான்: "அத்தை, முதல் பாகத்தோட ருசி தெரியாம நாலாவது படிச்சா என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. முதல் பாகத்தைத் தொடவே தொடாதவர்கள் கட்டாயம் முதலிலிருந்துதான் படிக்க வேண்டும். பத்து அத்தியாயத்தில் விட்டவர்களும் முதலுக்கே போங்கள், பெரிய நஷ்டம் இல்லை. நான் பேசுவது ஒரு பாகம், இரண்டு பாகம் என்று உழைத்து முடித்துவிட்டு, வாழ்க்கை குறுக்கே வந்ததால் நிறுத்தியவர்களைப் பற்றி. முழுதும் முடித்த பிறகு முதல் பாகத்துக்குத் திரும்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முடிவு தெரிந்து கடம்பூர் மாளிகையின் முதல் இரவைப் படிக்கும்போது பழுவேட்டரையரின் குரலே வேறாகக் கேட்கிறது. அதைக் கடமைக்குப் படிக்கவில்லை, ஆசையாகப் படித்தேன்.

இன்னும் சிலர், "படம் பார்த்துட்டோமே, அது போதாதா?" என்கிறார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது, நானும் இரண்டு பாகமும் பார்த்தேன். ஆனால் அது வேறு, இது வேறு. கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. அந்தப் பெண்ணுக்காக நான் ஐந்தாம் பாகத்தில் அழுதேன். கடைசியில் மகுடம் போய்ச் சேரும் இடத்திலும் படம் ஒரு வழி போகிறது, நாவல் வேறு வழி போகிறது. படம் பார்த்துவிட்டதால் முடிவு தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரியாது.

சரி, எப்படித் திரும்புவது? கணக்கு டீச்சர் என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: விட்ட பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். இலங்கைக்குப் போய் நின்றவர்கள் இரண்டாம் பாகத்தின் கடைசிக்குப் போங்கள். கடலில் சுழற்காற்று, உடைந்த படகு, பூங்குழலி. அங்கிருந்து உங்களால் நிறுத்த முடியாது.

இரண்டாம் படி: கீழே உள்ள ஐந்து வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறந்ததில் அவசியமானது இவ்வளவுதான்.

ஒன்று. பராந்தக சோழனின் மூத்த மகன் இராஜாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் இறந்தான். அடுத்த மகன் கண்டராதித்தர் பட்டத்துக்கு வந்தார். அவர் மனைவி செம்பியன் மாதேவி.

இரண்டு. கண்டராதித்தர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சின்னக் குழந்தை. அதனால் அவர் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அரிஞ்சயன் மகன் சுந்தர சோழருக்கும் பட்டம் போனது.

மூன்று. சுந்தர சோழர் நோயில் தஞ்சையில் இருக்கிறார். மூத்த மகன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில், மகள் குந்தவை பழையாறையில், இளைய மகன் அருள்மொழி இலங்கையில்.

நான்கு. அடுத்த பட்டம் கரிகாலனுக்கா, மதுராந்தகனுக்கா என்பதுதான் சண்டை. பழுவேட்டரையர்களும் சிற்றரசர்களும் மதுராந்தகன் பக்கம்.

ஐந்து. கரிகாலன் வீரபாண்டியனைக் கொன்றதற்குப் பழி வாங்க இரவிதாசன் கூட்டம் அலைகிறது. நந்தினி அவர்களோடு இருக்கிறாள், பழுவூர் அரண்மனையிலும் இருக்கிறாள். இவர்கள் எல்லாருக்கும் நடுவில் ஓலை கொண்டுபோகும் பிள்ளை வந்தியத்தேவன்.

மூன்றாம் படி: ஒரு பெயர் புரியாவிட்டால் நிற்காதீர்கள். பத்துப் பக்கம் பொறுங்கள், கல்கி சொல்லிவிடுவார். பின்னால் புரட்டிப் போனீர்கள் என்றால் மறுபடி வீரநாராயண ஏரிக்கரைதான்.

நான்காம் படி: ஒரு நாளைக்கு இரண்டே அத்தியாயம். அன்றைக்கு வாசகர்கள் வாரத்துக்கு ஒன்று படித்தார்கள், ஒன்றும் குறைந்துபோகவில்லை. இரண்டு வாரம் விட்டுப் போனாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். மறுபடி அதே இடத்துக்கு வாருங்கள்.

இது பொன்னியின் செல்வனுக்கு மட்டும் இல்லை. ஜெயமோகனின் வெண்முரசு 2014 முதல் 2020 வரை இருபத்தாறு நாவல்களாக வந்தது. நாலாவதிலோ ஐந்தாவதிலோ விட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் தனி நாவலாகவும் நிற்கும், அடுத்ததை எடுங்கள். அண்ணன் மகன் படிக்கும் ஜார்ஜ் மார்ட்டினின் ஆங்கிலத் தொடரில் ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது. அடுத்ததற்கு வாசகர்கள் இத்தனை வருஷம் காத்திருந்தார்கள். வந்தால் எல்லாரும் முதல் புத்தகத்திலிருந்தா ஆரம்பிக்கப் போகிறார்கள்? வேலை, பிள்ளை, வீட்டுக் கடன் என்று இருக்கிறவர்களால் முடியுமா?

பழுவூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்த பிள்ளையே, நீ இதைப் படித்தால் கீழே ஒரு வார்த்தை எழுது. மே மாதம் வரை காத்திருக்காதே. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திற.

மற்றவர்களும் எந்த இடத்தில் விட்டீர்கள் என்று எழுதுங்கள். எழுத வெட்கப்பட வேண்டாம். நாற்பத்தாறு வருஷத்தைவிடப் பெரிய இடைவெளி யாருக்காவது இருந்தால் என் பாராட்டு உண்டு.

கடைசியாக உறவுகளுக்கு ஒரு விண்ணப்பம். பெரியம்மா வீட்டு நாலாவது பைண்டு யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள். யார், எப்போது, ஏன் என்று ஒன்றும் கேட்க மாட்டேன். கதை முடிந்துவிட்டது, அதனால் அவசரம் இல்லை. மரப்பெட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அதன் இடம் காலியாகவே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்